நடப்பதற்கு ஓர் இடம்: மான்செஸ்ரர் உழைப்பாளரும் தேகப்பயிற்சியின் நிலவரலாறும்

நாள்தோறும் அரைமணி நேரம் நடக்கவேண்டும், இயன்றவிடத்து மாடிப்படிகளில் ஏறவேண்டும் என்னும் அறிவுரை இன்று எல்லா வர்க்கத்தாருக்கும் ஒரே குரலிற் கூறப்படுகின்றது. அதனைக் கைக்கொள்ளாதவர் சோம்பலுடையவர், தம் உடலைப் பேணும் மனவுறுதி அற்றவர் என்ற தீர்ப்பும் கூடவே வந்துவிடுகின்றது. யார் நடக்கவேண்டும், எவ்வளவு நடக்கவேண்டும் என்பனவற்றை இவ்வறிவுரை வகுத்துரைக்கின்றது. எங்கே நடப்பது, எந்த நேரத்தில் நடப்பது, நடக்கும் நிலம் யாருடையது என்ற வினாக்களை அது எழுப்புவதில்லை.

அண்மைக்காலச் சுகாதார ஆய்வுகள் சில இவ்வினாக்களின் வாசல்வரை வந்துள்ளன என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். நடைபாதை உண்டா, பூங்கா எத்துணைத் தொலைவில் உள்ளது, மாலையில் வெளிச்சம் இருக்கின்றதா, பெண்கள் அச்சமின்றிச் சென்றுவரலாமா என்பவற்றுக்கும் வயதுவந்தோர் நடக்கும் வழக்கத்துக்கும் தொடர்பு உண்டென்று அவை காட்டுகின்றன. ஆயினும் அவற்றுட் பெரும்பாலானவை அயற்புறத்தை ஒரு புள்ளிவிவரக் காரணியாக, மழைவீழ்ச்சியைப் போலத் தானே அமைந்த ஒன்றாகக் கொள்கின்றன. அயற்புறம் தானாக அமைவதன்று. நில உடைமையும் கூலியும் வேலைநேரமும் சட்டமும் சேர்ந்து அதனை ஆக்குகின்றன. அங்கு வாழ்வோரின் போராட்டமும் ஓரளவு ஆக்குகின்றது. முதலாளித்துவக் கைத்தொழில் நகரங்களுள் தலைப்பிள்ளை எனத்தக்க மான்செஸ்ரரையும் அதன் சுற்றுப்புறத்தையும் சான்றாகக் கொண்டு இவ்வாக்கத்தின் வரலாற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

'தேகப்பயிற்சி' என்ற கருத்தே வரலாற்றுக்கு உட்பட்டது. நிலத்தில் உழைப்பவனுக்கு உழைப்பு வேறு, பயிற்சி வேறு என்ற பிரிவு பெரும்பாலும் இருந்ததில்லை. இங்கிலாந்தின் கிராமத்தவருக்குப் பொதுநிலம் மேய்ச்சலுக்கும் விறகுக்கும் உரிய இடமாக மட்டுமன்றி, திருநாட்களில் ஆடவும் ஓடவும் மல்லுப்பிடிக்கவும் உரிய இடமாகவும் விளங்கியது. அந்நிலங்கள் வேலியடைக்கப்பட்டன. 1604 முதல் 1914 வரை பாராளுமன்றம் நிறைவேற்றிய 5,200க்கும் மேற்பட்ட அடைப்புச் சட்டங்கள் ஏறத்தாழ 68 இலட்சம் ஏக்கர் நிலத்தைத் தழுவின. இவற்றுட் பெரும்பகுதி பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியிலும் நிகழ்ந்தது. நிலத்தை இழந்தவன் நகருக்கு வந்தான். 1801இல் ஏறத்தாழ 75,000 பேர் வாழ்ந்த மான்செஸ்ரரில் 1851இல் 3 இலட்சம் பேர் வாழ்ந்தனர்.

நகருக்கு வந்தவன் விளையாட வீதியையன்றி வேறிடம் இருக்கவில்லை. 1835ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம் அதனையும் பறித்தது. வழிச்செல்வோருக்கு இடையூறாக வீதியிற் கால்பந்தோ பிற விளையாட்டோ ஆடினால் 40 சிலிங்வரை தண்டம் விதிக்கலாம் என அது விதித்தது. டேர்பி நகரில் வயதுவந்த ஆடவர் நூற்றுக்கணக்கிற் கலந்துகொண்டு ஆடிவந்த பழைய திருநாட் பந்தாட்டத்தை அடக்க 1846இற் படையினர் வரவழைக்கப்பட்டனர். நிலப்பிரபுவின் நரிவேட்டைக்கு இத்தகைய தடை எதுவும் வரவில்லை என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இத்தடைகளுக்கு முன்னோடியான ஒன்று தேகப்பயிற்சியின் வரலாற்றை எழுதுவோரால் பெரிதும் கவனிக்கப்படாதது. 1819ஆம் ஆண்டு ஓகஸ்ட் 16ஆம் நாள் மான்செஸ்ரரின் சென் பீற்றர் வெளியிற் பாராளுமன்றச் சீர்திருத்தம் வேண்டி ஏறத்தாழ 60,000 பேர் கூடியபோது குதிரைப்படை அவர்கள்மீது பாய்ந்தது. குறைந்தது 15 பேர் மாண்டனர். பீற்றர்லூ என வரலாற்றிற் பெயர்பெற்ற நிகழ்ச்சி இது. அதற்கு முந்திய வாரங்களில் அயற்கிராமங்களின் நெசவாளர் அதிகாலையிலும் மாலையிலும் மேட்டுநிலங்களுக்குச் சென்று அணிவகுத்து நடக்கப் பழகினர். அவர்களுள் ஒருவரான மிடில்ரன் நெசவாளரும் கவிஞருமான சாமுவேல் பாம்ஃபோர்ட் பின்னர் எழுதிய தன்வரலாற்றில் அப்பயிற்சிகளைப் பதிவுசெய்துள்ளார். அப்பகுதியைப் படிப்போர் அங்கே படைத்திறனைவிட உடலின் மகிழ்ச்சியையே பெரிதும் காண்பர். தறியின்முன் குனிந்திருந்த மனிதர் விடியற்காற்றில் நிமிர்ந்து ஒருங்கே அடியெடுத்துவைத்ததன் மகிழ்ச்சி அது. கூட்டத்துக்கு ஒழுங்காக வந்துசேர்வதற்காகவே பயில்கிறோம் என்றனர் அவர்கள். அரசு அவ்வாறு கருதவில்லை. அவ்வாண்டின் இறுதியில் நிறைவேறிய ஆறு அடக்குமுறைச் சட்டங்களுள் ஒன்று அதிகாரமின்றி அணிப்பயிற்சி செய்வதைக் குற்றமாக்கிற்று. பயிற்சியை ஆளும் வர்க்கம் என்றும் வெறுத்ததில்லை. மக்கள் தாமே தமக்காக, தமக்குரிய வெளியில், ஒன்றுகூடிச் செய்யும் பயிற்சியையே அது அஞ்சியது.

எங்கெல்ஸ் 1842இல் மான்செஸ்ரருக்கு வந்தார். இங்கிலாந்தின் உழைக்கும் வர்க்கத்தின் நிலையைப் பற்றி அவர் எழுதி 1845இல் ஜேர்மனியில் வெளிவந்த நூலைப் பொருளியற் சான்றாக மட்டும் படிப்பது நம்மவர் வழக்கம். அது நகரமைப்புப் பற்றிய மிகக் கூர்மையான ஆய்வுமாகும். புறநகர் மாளிகைகளில் வாழும் ஆலைமுதலாளி தன் கந்தோருக்கு வரும் பெருவீதிகளின் இருபுறமும் கடைகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் பின்னே மறைந்துகிடக்கும் தொழிலாளர் குடியிருப்புகள் அவன் கண்ணிற் படுவதேயில்லை என அவர் காட்டினார். மெட்லொக் ஆற்றின் வளைவில் அமைந்த 'சின்ன அயர்லாந்து' என்ற பள்ளத்தில் ஏறத்தாழ 200 குடிசைகளில் 4,000 பேர் நெருங்கி வாழ்ந்ததை அவர் பதிவுசெய்தார். அங்கு வாழ்ந்த ஒருவர் வீட்டைவிட்டு வெளியே வந்தால் எங்கே போவார்? கழிவுநீர் தேங்கிய முற்றத்துக்கோ, புகைமூடிய ஆற்றங்கரைக்கோ, மதுக்கடைக்கோதான் போகலாம். குடிப்பழக்கத்தை ஒழுக்கக்கேடு என்று அறநெறியாளர் கண்டித்தனர். விளக்கும் வெப்பமும் அமர ஓரிடமும் கிடைத்த ஒரே பொதுவிடம் மதுக்கடையே என்பதை அவர்களுட் சிலரே உணர்ந்தனர்.

நகரைவிட்டு வெளியே செல்லும் வயற்பாதைகள் இருந்தன அல்லவா எனக் கேட்கலாம். அவையும் ஒவ்வொன்றாக அடைபட்டன. இரு சமாதான நீதவான்கள் கையொப்பமிட்டால் ஒரு நடைபாதையை மூடிவிடலாம் என்ற நிலை 1815ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்டிருந்தது. நீதவான்கள் நிலவுடைமையாளராகவும் இருந்தமை அவர்களுக்குப் பெருவசதியாயிற்று. இதனை எதிர்த்து 1826இல் மான்செஸ்ரரில் பழம்பாதைகளைக் காக்கும் சங்கம் ஒன்று தோன்றியது. பத்திரிகையாசிரியரான ஆர்ச்சிபால்ட் பிரென்ரிஸ் போன்ற நடுத்தரவர்க்கச் சீர்திருத்தவாதிகளே அதனை நடத்தினர். எனினும் அவர்கள் காத்த பாதைகளில் ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தவர் நெசவாளரும் நூற்பாலைத் தொழிலாளருமாவர்.

அரசு இப்பிரச்சினையை முதன்முதலாக உற்றுநோக்கியது 1833இலாகும். ஆர். ஏ. சிலேனி தலைமையிற் பாராளுமன்றம் அமைத்த பொது உலாவிடங்கள் பற்றிய தெரிவுக்குழு, முந்திய அரைநூற்றாண்டில் நகரங்கள் பெருகியும் எளியோர் நடந்துலாவ இடம் ஒதுக்கப்படவில்லை என அறிவித்தது. அதன் காரணங்காட்டல் சுவையானது. வெளியிடம் கிடைத்தால் தொழிலாளி மதுக்கடையை விட்டு நீங்குவான் என்று குழு நம்பியது. அத்துடன் நில்லாது, தன் குடும்பத்தோடு பல தரத்தாரின் நடுவே உலாவச் செல்பவன் தானும் மனைவி மக்களும் நன்கு உடுத்தியிருக்க விரும்புவான், அவ்விருப்பம் அவனை மேலும் ஊக்கமாக உழைக்கச் செய்யும் என்றும் அது கருதியது. தொழிலாளியின் நுரையீரலுக்கு வேண்டிய காற்று, தன்னளவில் ஓர் உரிமையாக அன்றி, உழைப்பொழுக்கத்தின் கருவியாகவே இவ்வாறு நியாயப்படுத்தப்பட்டது.

மனிதாபிமானம் அங்கே அறவே இல்லை என்று கூறுவது வரட்டுவாதமாகும். 1846ஆம் ஆண்டு ஓகஸ்ட் 22ஆம் நாள் மான்செஸ்ரரில் குயீன்ஸ் பூங்கா, பிலிப்ஸ் பூங்கா என்பனவும் அண்டையிலுள்ள சல்ஃபோர்டில் பீல் பூங்காவும் ஒரே நாளிற் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டன. பொதுச்சந்தாவால் வாங்கப்பட்ட நிலங்கள் அவை. ஆலைமுதலாளிகளின் பெருந்தொகைகளுடன் தொழிலாளரின் சில்லறைக் காசும் அச்சந்தாவிற் சேர்ந்திருந்தது. அவற்றை வடிவமைத்த ஜோசுவா மேஜர் வெறும் மலர்ப்பாத்திகளோடு அமையாது வயதுவந்தோருக்கான உடற்பயிற்சிக் களங்களுக்கும் விளையாட்டுகளுக்கும் இடம் வகுத்தார். அடுத்த ஆண்டு ஜோசப் பக்ஸ்ரன் வடிவமைத்த பேர்க்கன்ஹெட் பூங்கா திறக்கப்பட்டது. ஆனால் பேர்க்கன்ஹெட்டின் கணக்கு வேறு. பூங்காவைச் சூழவிருந்த மனைகளை வீடுகட்ட விற்று அதன் செலவை ஈடுசெய்வதே அங்குத் திட்டமாயிருந்தது. பசுமை நிலத்தின் விலையை உயர்த்தும்; விலை உயர்ந்த இடத்தில் எளியவன் குடியிருக்கமாட்டான். பூங்காவுக்கு அருகில் வாழ்வோர் அதிகம் நடக்கிறார்கள் எனக் கணக்கிடும் இன்றைய ஆய்வாளர், அங்கே வாழும் வசதி யாருக்கு வாய்த்தது என்பதையும் உடன் கணக்கிடல் வேண்டும்.

நேரமின்றி இடம் பயன்படாது. நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஆலையில் நின்றவளுக்குப் பூங்கா ஒரு வேலிக்கம்பியின் அப்பாலுள்ள காட்சியே. 1847ஆம் ஆண்டின் பத்துமணிநேரச் சட்டமும், சனிக்கிழமைகளில் பெண்களின் ஆலைவேலை பிற்பகல் 2 மணிக்கு முடியவேண்டுமென விதித்த 1850ஆம் ஆண்டுச் சட்டமும் வந்த பின்னரே பூங்காக்கள் மெய்யாகத் திறந்தன எனலாம். மூலதனத்தின் முதற்றொகுதியில் வேலைநாள் பற்றி மார்க்ஸ் எழுதிய நீண்ட அத்தியாயத்தைத் தேகப்பயிற்சியின் வரலாற்றுக்கும் முன்னுரையாகக் கொள்ளலாம். சனிக்கிழமை அரைநாள் ஓய்வை ஆண்கள் விரைவில் ஆடுகளத்துக்குக் கொண்டுசென்றனர். பெண்கள் அதனைத் துணிதுவைக்கவும் வீடுகழுவவும் செலவிட்டனர். இவ்வேறுபாடு இன்றும் பலவிடங்களில் நீங்கவில்லை.

பொது உலாவிடம் பற்றிய இக்கருத்து குடியேற்றநாடுகளுக்கும் கப்பலேறியது. கொழும்பின் காலிமுகத்திடலில் ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கி 1859இல் நிறைவுசெய்த நடைவழியின் நினைவுக்கல், கொழும்பின் சீமாட்டிகளினதும் குழந்தைகளினதும் நலன்கருதி அதனைத் தமக்குப் பின்வரும் ஆளுநர்களிடம் ஒப்படைக்கின்றது. அக்கல்லின் முன் நின்றிருப்போர் பலர். எந்தச் சீமாட்டிகள் என்று கேட்டவர் சிலரே. அதே ஆண்டுகளில் தமிழகத்திலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டினூடாக மாத்தளைவரை கால்நடையாகவே சென்றனர். வாந்திபேதியும் பசியும் வழியெங்கும் அவர்களைப் பலிகொண்டன. அவர்கள் நடந்த தூரத்தை எந்த மருத்துவரும் தேகப்பயிற்சி எனக் குறிக்கமாட்டார். நடத்தல் என்ற ஒரே செயல் வர்க்கத்துக்கேற்ப எதிரெதிர்ப் பொருள் கொள்வதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மீண்டும் மான்செஸ்ரர்ப் பக்கம் திரும்புவோம். 1845க்குப் பின் இங்கிலாந்தில் அடைக்கப்பட்ட ஏறத்தாழ 6,14,000 ஏக்கர் நிலத்துள் விளையாட்டுக்கும் எளியோரின் தோட்டத்துக்குமாக ஒதுக்கப்பட்டது சுமார் 4,000 ஏக்கரே என 1869ஆம் ஆண்டளவிற் கணக்கிடப்பட்டது. பூங்கா நகரினுள் அளந்துகொடுத்த சலுகை. அதற்கு அப்பால், ஆலைப்புகைக்கு மேலே கண்ணுக்குத் தெரிந்த மலைமேடுகள் கிறவுஸ் என்னும் பறவையைச் சுடுவதற்காகப் பிரபுக்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தன. ஆண்டிற் சில நாள் வேட்டைக்காக ஆண்டுமுழுவதும் அங்கே காவல் இருந்தது. 1896இல் போல்ரன் நகரை அடுத்த வின்ரர் ஹில் மேட்டுக்குச் செல்லும் பாதையை, சலவையாலைச் செல்வரான கேணல் எயின்ஸ்வேர்த் தம் வேட்டைக்காக மூடினார். சமூக ஜனநாயகக் கூட்டமைப்பின் உள்ளூர்ச் சோஷலிஸ்டுகள் அழைப்புவிடுக்க, செப்ரெம்பர் 6ஆம் நாள் ஏறத்தாழ 10,000 பேர் படலையைத் தள்ளிக்கொண்டு மலையேறினர். நீதிமன்றம் மறு ஆண்டு கேணலுக்கே சார்பாகத் தீர்த்தது. அப்பாதை பொதுவழியாக முறைப்படி ஏற்கப்பட 1996 வரை, சரியாக நூறாண்டுகள், செல்லவேண்டியிருந்தது.

இதனிலும் புகழ்பெற்றது கிண்டர் ஸ்கவுட். மான்செஸ்ரருக்கும் ஷெஃபீல்டுக்கும் இடையே 636 மீற்றர் உயரத்தில் அமைந்த மேட்டுநிலம் அது. 1930களின் தொடக்கத்தில் வேலையின்மை லங்காஷயரை வாட்டியது. வேலையற்ற இளைஞருக்கு நேரம் இருந்தது, காசு இருக்கவில்லை; காசின்றிச் செய்யக்கூடியது நடத்தல் ஒன்றே. வார இறுதிகளில் ஆயிரக்கணக்கானோர் மலிவுப் புகையிரதத்திலும் சைக்கிளிலும் மலையடிவாரத்துக்கு வந்தனர். அங்கே வேட்டைக்காவலரின் தடிகளைக் கண்டு நின்றனர். 1932ஆம் ஆண்டு ஏப்பிரல் 24ஆம் நாள், பிரித்தானியத் தொழிலாளர் விளையாட்டுக் கூட்டமைப்பைச் சேர்ந்த இருபது வயதினரான பென்னி ரொத்மன் தலைமையில் ஏறத்தாழ 400 பேர் ஹேஃபீல்ட் கிராமத்திலிருந்து புறப்பட்டுத் தடைசெய்யப்பட்ட நிலத்தில் ஏறினர். புகையிரத நிலையத்திற் பொலிசார் காத்திருப்பர் என அறிந்த ரொத்மன் சைக்கிளிலேயே வந்து சேர்ந்திருந்தார். மேட்டில் காவலருடன் சிறு கைகலப்பு, ஷெஃபீல்டிலிருந்து வந்த குழுவினருடன் சந்திப்பு, பின்னர் இறங்குதல். கீழே பொலிசார் அறுவரைக் கைதுசெய்தனர்.

அத்துமீறி நுழைதல் அக்காலச் சட்டத்திற் குடியியல் தவறேயன்றிக் குற்றமன்று. எனவே கலகம், சட்டவிரோதக் கூட்டம் முதலிய குற்றச்சாட்டுகள் தேடிப்பிடிக்கப்பட்டன. படைத்துறை அதிகாரிகளும் நிலக்கிழார்களும் நிறைந்த பெருஞ்சூரர் சபை ஒன்று டேர்பியில் வழக்கை விசாரணைக்கு அனுப்பியது. ஐவருக்கு இரண்டு முதல் ஆறு மாதம்வரை சிறை கிடைத்தது. ரொத்மனுக்கு நான்கு மாதம். அதிகாரபூர்வ நடைபயணச் சங்கங்கள் இச்செயலைக் கண்டித்திருந்தன என்பது குறிப்பிடத்தக்கது. பேச்சுவார்த்தையாற் பெறக்கூடியதை இளைஞர் கெடுத்துவிட்டனர் என்பது அவர்கள் வாதம். இவ்விடயத்தில் ஆதாரங்களை நேர்மையாக நிறுத்துப்பார்த்தால், மலைகளிற் செல்லும் உரிமைக்கான முதற்சட்டமூலத்தை ஜேம்ஸ் பிரைஸ் 1884இலேயே பாராளுமன்றத்திற் கொண்டுவந்தார் என்பதையும், அதன்பின் அரைநூற்றாண்டுப் பேச்சுவார்த்தை பெற்றுத்தந்தது மிகச் சிறிதே என்பதையும் மறக்கலாகாது. மக்களைத் திரட்டியது நடையன்று, சிறைத்தண்டனையே என்று கூறுவோரும் உளர். அதிலும் உண்மை உண்டு.

இந்நிகழ்ச்சிக்கு ஓர் இலக்கிய விளைவும் உண்டு. நடைக்குச் செய்தித்தொடர்பாளராயிருந்த சல்ஃபோர்ட் இளைஞர் ஜிம்மி மில்லர், பின்னாளில் யூவன் மக்கோல் என்ற பெயரில் நாட்டார் பாடல் மறுமலர்ச்சியின் முதல்வராய்த் திகழ்ந்தவர், அவ்வாண்டே 'மான்செஸ்ரர் நடைபயணி' என்ற பாடலை இயற்றினார். அப்பாடல் வாரநாளின் கூலி அடிமைத்தனத்தையும் ஞாயிற்றுக்கிழமையின் சுதந்திரத்தையும் எதிர்நிறுத்துகின்றது. அதன் ஆற்றலும் எல்லையும் இவ்வெதிர்நிறுத்தலிலேயே உள்ளன என்பது என் கருத்து. இயற்கையை அழகியற் காட்சியாகக் கண்ட ரொமான்ரிக் கவிஞர் மரபினின்று விலகி, மலையை வர்க்கப்போராட்டத்தின் களமாக அது காண்கிறது. ஆனால் சுதந்திரத்தை ஒரு கிழமைநாளுக்குள் அடக்கவும் செய்கிறது. திங்கட்கிழமையைப் பற்றி அப்பாடலின் இளைஞனுக்குத் திட்டமில்லை. மக்கோலின் பிற்காலப் படைப்புகள் தொழிலாளரின் வேலைநாளையே நேராக எடுத்துக்கொண்டமை தற்செயலன்று.

போருக்குப் பின் அமைந்த தொழிற்கட்சி அரசு 1949இல் தேசியப் பூங்காக்களுக்கான சட்டத்தை இயற்றியது. 1951இல் முதலாவதாக அறிவிக்கப்பட்ட பூங்கா கிண்டர் ஸ்கவுட்டை உள்ளடக்கிய பீக் மாவட்டமே. இரண்டாண்டு கழித்து, திங்கட்கிழமை மனிதனைப் பற்றிய ஆய்வொன்று இலண்டனிலிருந்து வந்தது. ஜெரி மொரிஸ் என்ற தொற்றுநோயியலாளர் 1953இல் இலண்டன் இரட்டைத்தட்டு பஸ்களின் ஊழியரை ஒப்பிட்டு, நாள்முழுவதும் அமர்ந்திருக்கும் சாரதிகளைவிட நடத்துநருக்கு மாரடைப்பு நோய் குறைவு எனக் காட்டினார். நடத்துநர் ஒரு வேலைநாளில் 500 முதல் 750 வரை படிகள் ஏறியிறங்கினர். உடலியக்கத்துக்கும் இதயநோய்க்கும் உள்ள உறவுபற்றிய நவீன அறிவியலின் தொடக்கம் இவ்வாய்வே. பலரும் கவனிக்கத் தவறுவது யாதெனில், இருசாராரும் ஒரே நகரின் ஒரே வர்க்கத்தினர். நடத்துநரின் நலத்துக்குக் காரணம் அவருடைய மனவுறுதியன்று, பஸ்ஸின் படிக்கட்டு. சூழல் உடலை இயக்கியது, உள்ளம் தீர்மானிக்கவேண்டியிருக்கவில்லை. பின்னர் செலவுக்குறைப்பின் பொருட்டுச் சாரதியே சீட்டுவழங்கும் முறை பரவியது. நடத்துநர் ஏறியிறங்கிய கடைசிப் பழைய பஸ்கள் 2005இல் வழமையான சேவையிலிருந்து நீக்கப்பட்டன. படிக்கட்டை எடுத்துவிட்ட சமூகம் படியேறும்படி அறிவுரை கூறுகின்றது.

மொரிஸ் அத்துடன் நிற்கவில்லை. 1976இல் பிரித்தானியச் சுகாதாரத் திணைக்களம் நோய்த்தடுப்பை ஒவ்வொருவரின் பொறுப்பாக எடுத்துக்காட்டும் ஏடொன்றை வெளியிட்டிருந்தது. நான்காண்டுகளின் பின், சேர் டக்ளஸ் பிளாக் தலைமையில் மொரிசும் சமூகவியலாளர் பீற்றர் ரௌன்சென்டும் சிறில் சிமித்தும் தயாரித்த அறிக்கை, நோயும் மரணமும் வர்க்கப்படி பகிரப்படுகின்றன என்றும், அதற்குத் தலையாய காரணம் வாழ்க்கையின் பொருள்நிலைமைகளே என்றும் நிறுவியது. தட்சர் அரசு அதனை 1980ஆம் ஆண்டு ஓகஸ்ட் விடுமுறையன்று 260 தட்டச்சுப் பிரதிகளில் மட்டும் வெளியிட்டது. உடற்பயிற்சியின் அறிவியலைத் தொடங்கிவைத்தவரே, உடற்பயிற்சி தனிமனிதன் கையில் மட்டும் இல்லை என்று கையொப்பமிட்ட அறிக்கை அது. முதலாவது ஆய்வு உலகெங்கும் எடுத்தாளப்படுகின்றது. இரண்டாவதை அத்துடன் சேர்த்துப் படிப்போர் குறைவு.

2000ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்தின் நிலத்தில் ஏறத்தாழ 8 வீதத்தில் எவரும் தடையின்றி நடக்கும் உரிமையைத் தந்தது. 2002இல், கிண்டர் நிகழ்ச்சியின் எழுபதாம் ஆண்டுவிழாவில், டெவன்ஷயர் கோமகன் தம் முன்னோரின் செயலுக்காக மன்னிப்புக் கோரினார். அவ்விழாவைக் காண ரொத்மன் இருக்கவில்லை. அவ்வாண்டு சனவரியிற் காலமாகியிருந்தார். இவ்வெற்றியைக் குறைத்துமதிப்பிடுதல் தகாது. ஆயினும் அந்த 8 வீதத்திற் பெரும்பகுதி மலையும் மேட்டுநிலமுமாக நகரங்களுக்கு எட்டத்தில் உள்ளது. சொந்தக் காரில் வருபவருக்கு அது அயற்புறம். இரவுமுறை வேலைமுடிந்து அடுக்குமாடியின் பத்தாம் தட்டுக்குத் திரும்பும் துப்புரவுத் தொழிலாளியான பெண்ணுக்கு அயற்புறம் என்பது மின்தூக்கியும், வெளிச்சமற்ற முற்றமும், நடைபாதையில் நிறுத்தப்பட்ட கார்களும். அவளிடம் அரைமணிநேர நடையைப் பற்றிப் பேசுமுன் அந்த முற்றத்துக்கு விளக்குப் போடும் பொறுப்பு எந்த நகரசபையுடையது, அவள் வேலைநேரத்தை வகுத்தவர் யார் என்று கேட்கவேண்டியிருக்கிறது.